பாதிவழியில் நிற்பவர் எந்தப் பக்கம் போவது? ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ வாசகர்களுக்கு ஓர் ஒப்பீடு

ஜே.ஆர்.ஆர். டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலை ஆசையோடு தொடங்கி, எங்கோ ஓரிடத்தில் அடையாளச் சீட்டை வைத்து மூடிவிட்டு, அதன்பின் அந்தப் பக்கத்தைத் திறக்கவே தயங்கும் வாசகர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்வதா, ஒலிநூலுக்கு மாறுவதா, திரைப்படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவதா, இதற்கு முந்தைய சிறிய நாவலான ‘தி ஹாபிட்’டிலிருந்து வருவதா, அல்லது இப்போதைக்கு அலமாரியில் ஏற்றிவிடுவதா?

நாவலை முடித்தவர்களிடம் இதற்கு விடைகள் ஏராளம் உண்டு. ஆனால் மலையேறி இறங்கியவருக்குத் தமக்கு எங்கே மூச்சு வாங்கியது என்பது மறந்துபோகிறது. நான் இன்னும் முடிக்கவில்லை. மொத்தமுள்ள 62 அத்தியாயங்களில் 37-ஆவதில், தீய ஆற்றல் கொண்ட மோதிரத்தை அழிக்கப் புறப்பட்ட ஃப்ரோடோவின் தோழன் சாம் முயல் சமைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் இருக்கிறேன். இது என் மூன்றாவது முயற்சி. முதல் முறை காட்டோரம் பாடித் திரியும் டாம் பாம்படிலின் வீட்டிலும், இரண்டாம் முறை எல்ஃப் இனத் தலைவர் எல்ராண்டின் ஆலோசனைச் சபையிலும் நின்றுபோனேன். ஆகவே மூச்சு வாங்கும் இடங்கள் எனக்குப் பசுமையாக நினைவிருக்கின்றன. இக்கட்டுரையும் அந்த அடுப்புக்கு அப்பால் கதையைச் சொல்லாது.

## ‘பாதி’ என்பது எங்கே இருக்கிறது

வழிகளை ஒப்பிடும் முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கடைகளில் இது மூன்று நாவல்களாகத் தோற்றமளித்தாலும், டோல்கீன் எழுதியது ஒரே நாவல். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரிட்டனில் காகிதமும் அச்சும் விலையேறியிருந்த நிலையில் பதிப்பகம் அதனை மூன்று தொகுதிகளாகப் பிரித்து 1954 ஜூலை, 1954 நவம்பர், 1955 அக்டோபர் ஆகிய மாதங்களில் வெளியிட்டது. உள்ளே அது ஆறு ‘புத்தகங்களாக’ப் பகுக்கப்பட்டிருக்கிறது, ஒரு தொகுதிக்கு இரண்டு. ஆகவே முதல் தொகுதியின் கடைசிப் பக்கம் ஒரு முடிவு அன்று, வெறும் தையல் கோடுதான். ‘ஒரு நாவல் முடிந்தது, அடுத்தது பிறகு’ என்று அங்கே நிறுத்துகிறவர் உண்மையில் ஒரு வாக்கியத்தின் நடுவில் நிறுத்துகிறார்.

என் அனுபவத்திலும், உடன் படிப்பவர்களிடம் கேட்டறிந்த வரையிலும், வாசகர்கள் நிற்கும் இடங்கள் மூன்று. முதலாவது, முதல் புத்தகத்தின் 6 முதல் 8 வரையிலான அத்தியாயங்கள்: பழங்காடு, பாம்படிலின் வீடு, கல்லறை மேடுகள். கறுப்புக் குதிரைவீரர்கள் துரத்திக்கொண்டிருக்க, கதை திடீரென்று அமர்ந்து பாட்டுப் பாடத் தொடங்குகிறது. இரண்டாவது, இரண்டாம் புத்தகத்தின் இரண்டாம் அத்தியாயமான எல்ராண்டின் சபை. ஏறத்தாழ முழுவதும் உரையாடல், பெயர்களோ மழைபோலப் பொழிகின்றன. மூன்றாவது, மூன்றாம் புத்தகம் முடிந்து நான்காவது தொடங்கும் எல்லை. அங்கே வாசகர் 11 அத்தியாயங்களாகப் பழகிய துணைகளை விட்டுவிட்டு மீண்டும் ஃப்ரோடோவிடம் போக வேண்டும். மூன்றும் மந்தமான இடங்கள்தாம் என்றாலும் மந்தத்தின் காரணம் மூன்றிலும் வேறு வேறு. எந்த வழி பொருந்தும் என்பதும் அதனாலேயே மாறுகிறது.

## எவற்றைக் கொண்டு அளப்பது

நேரத்தை முதலில் வைக்கிறேன். நாவல் நாலரை லட்சம் சொற்களைத் தாண்டுவது. ஆங்கிலத்தை நிதானமாக, நிமிடத்துக்கு 150 சொற்கள் என்ற வேகத்தில் படிப்பவருக்கு முழு நாவலுக்கு 50 மணி நேரமும், பாதியில் இருப்பவருக்கு 25 மணி நேரமும் தேவை. அடுத்தது மொழிச்சுமை. மூன்றாவது, திரும்பப் பெற முடியாத இழப்பு. அதாவது ஒரு வழியைத் தேர்ந்தால் நம் மனத்தில் உருவாகியிருக்கும் முகங்களும், இனிமேல் வரவிருக்கும் திகைப்புகளும் எந்த அளவுக்கு அழியும் என்பது. நான்காவதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை: அந்த வழியில் போனவர் நாவலுக்குத் திரும்பி வரும் வாய்ப்பு எவ்வளவு? நாவலை முடிக்கவே வேண்டாம் என்று முடிவெடுத்தவருக்கு இந்தக் கடைசி அளவுகோல் தேவையில்லை. அவருக்குத் திரைப்படமே போதும், அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை.

## முதல் வழி: நின்ற இடத்திலிருந்தே தொடர்ந்து படிப்பது

நாளைக்கு அரை மணி நேரம் ஒதுக்குபவர் மீதிப் பாதியை 50 நாட்களில் முடிக்கலாம். பயமுறுத்தும் கணக்கு அன்று இது.

மொழிச்சுமை மெய்யானது, ஆனால் நாம் எண்ணும் இடத்தில் அது இல்லை. டோல்கீன் 1925 முதல் 1945 வரை ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலத்தின் பேராசிரியராக இருந்தவர். அவருடைய வாக்கியங்கள் பெரும்பாலும் எளியவை. இடறுவது நிலத்தைக் குறிக்கும் சொற்கள்தாம். டேல், ஃபெல், கூம்ப், மியர், எயட் என்று மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நீருக்கும் தனித்தனிப் பெயர் வந்துகொண்டே இருக்கும். குளம், ஏரி, கண்மாய், ஊருணி ஆகியவற்றின் வேறுபாட்டை அறிந்த ஒருவருக்கு இப்படிப் பெயரிடுவதன் அருமை புரியும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் அகராதியைத் திறந்தால் நடை தடைப்படும். நான் அகராதியை மூடிவைத்துவிட்டு, டோல்கீனின் மகன் கிறிஸ்டோஃபர் வரைந்த வரைபடத்தை மட்டும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டேன். இந்த மூன்றாவது முயற்சி நீடிப்பதற்கு அதுவே முதற் காரணம் என்று நினைக்கிறேன். வரைபடத்தோடு படிக்கும்போதுதான் இது நடந்து செல்பவர்களின் கதை என்பதும், அதன் வேகம் கால்களின் வேகம் என்பதும் உடலுக்கு உறைக்கிறது. மூன்றாம் புத்தகத்தில் ஃப்ரோடோவின் பயணத் துணைகளான அரகார்னும் லெகோலஸும் கிம்லியும் எதிரிப் படையினரான ஓர்க்குகளைத் துரத்திக்கொண்டு ஓடுகிறார்கள். நான்காம் நாள் முடியுமுன் 45 லீக் தூரம் கால்நடையாகக் கடந்துவிட்டதை அறிந்து, குதிரைகளோடே வாழும் இனத்தைச் சேர்ந்த எயோமர் வியந்துபோகிறான். 45 லீக் என்பது ஏறத்தாழ 215 கிலோமீட்டர். அவனோடு சேர்ந்து நாமும் வியக்க முடிவது, அந்த ஓட்டத்தைப் பத்தி பத்தியாகக் கூடவே ஓடி வந்திருப்பதால்தான்.

இவ்வழியின் மறைமுகச் செலவு, டோல்கீன் சில பெரிய நிகழ்ச்சிகளை நம் கண்முன் நடத்திக் காட்ட மறுப்பதால் வரும் ஏமாற்றம். கெட்டுப்போன மந்திரவாதி சாருமானின் கோட்டையான ஐசென்கார்டை மர இனத்தவரான எண்ட்டுகள் தகர்க்கும் காட்சி நேரடியாக வருவதில்லை. நல்ல மந்திரவாதி கேண்டால்ஃபோடு போகிறவர்கள் வெள்ளக்காடான இடிபாட்டைத்தான் பார்க்கிறார்கள். வாயிலருகே ஃப்ரோடோவின் நண்பர்களான மெர்ரியும் பிப்பினும் உண்டு முடித்துப் புகைத்துக்கொண்டிருக்கிறார்கள். நடந்ததை அவர்கள் சாவகாசமாகச் சொல்லக் கேட்க வேண்டியிருக்கிறது. முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. யோசித்துப் பார்த்தால், இந்த நாவல் எப்போதும் யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் நின்றுதான் பார்க்கிறது. அவருக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது.

மூன்றாம், நான்காம் புத்தகங்களுக்கு இடையிலான இடைவெளியும் இதே முறையின் விளைவுதான். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நாட்களில் நடப்பவை. பின்னிணைப்பிலுள்ள காலவரிசையின்படி, தொலைவில் இருப்பதைக் காட்டும் பலான்டீர் கல்லைப் பிப்பின் பார்த்துவிடும் மார்ச் 5 அன்று ஃப்ரோடோ எதிரி சௌரானின் நாடான மோர்டோரின் கறுப்பு வாயிலுக்கு எதிரே பதுங்கியிருக்கிறான். இதனால் இரண்டு புத்தகங்களின் அத்தியாயங்களையும் தேதி வாரியாக மாற்றி மாற்றிப் படித்தால் என்ன என்ற யோசனை சிலருக்கு வருகிறது. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஃப்ரோடோ உயிரோடு இருக்கிறானா என்பதே தெரியாமல் அரகார்ன் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது; அந்த அறியாமையை நாமும் 11 அத்தியாயங்களுக்குச் சுமக்க வேண்டும் என்பதற்காகத்தான் கதை இப்படிப் பின்னப்பட்டிருக்கிறது. மேலும் அந்தக் காலவரிசையை அணுகுபவர் கவனமாக இருக்க வேண்டும்: சில வரிகள் கீழே இறங்கினால் முடிவே அங்கே எழுதியிருக்கிறது. நான் பக்கத்தின் அடிப்பகுதியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டுதான் மார்ச் 5-ஐத் தேடினேன்.

நான்காம் புத்தகத்தின் வாசலில் நிற்பவருக்கு எவ்வித ஐயமுமின்றி இந்த வழிதான். அங்கே மூன்றே பேர் மிஞ்சுகிறார்கள்: ஃப்ரோடோ, சாம், முன்பு மோதிரத்தை வைத்திருந்த கோல்லம். பெயர்ச்சுமை அறவே குறைந்துவிடுகிறது. சதுப்பு நிலத்தில் நீருக்கடியில் தெரியும் இறந்தவர்களின் முகங்களைப் பற்றிய பகுதியை நான் இருமுறை படித்தேன். முதல் உலகப் போரின்போது, 1916-இல் சோம் போர்க்களத்தில் இருந்தவர் டோல்கீன். அந்தச் சதுப்பு நிலம் போருக்குப் பிந்தைய வடக்கு பிரான்ஸுக்கு ஓரளவு கடன்பட்டது என்று பின்னாளில் ஒரு கடிதத்தில் அவரே குறிப்பிட்டிருக்கிறார். அதற்கு அடுத்த அத்தியாயத்தில், கறுப்பு வாயிலைப் பார்த்தவண்ணம் வழி தெரியாமல் திகைத்திருக்கும்போது, சாம் யானையைப் பற்றிய ஒரு பழம்பாட்டைக் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஒப்பிக்கிறான். அவன் யானையைக் கண்டதே இல்லை. கோயில் வாசலில் யானையிடம் காசு கொடுத்து ஆசி வாங்கி வளர்ந்தவருக்கு அந்தப் பாட்டு இரட்டிப்புச் சிரிப்பைத் தரும். ஃப்ரோடோவும் சிரிக்கிறான், அந்தச் சிரிப்பில்தான் அவனுடைய தயக்கம் விலகுகிறது.

## இரண்டாம் வழி: ஒலிநூல்

சுருக்கப்படாத வாசிப்புகளில் இரண்டு பரவலாக அறியப்பட்டவை: 1990-இல் வந்த ராப் இங்லிஸின் வாசிப்பு, 2021-இல் வந்த ஆண்டி செர்கிஸின் வாசிப்பு. முன்னது முழு நாவலுக்கு 50 மணி நேரத்தையும், பின்னது 60 மணி நேரத்தையும் தாண்டும். ஆகவே நேரம் மிச்சமாகாது; ஆனால் பேருந்திலும் சமையலறையிலும் கழியும் நேரம் வாசிப்பு நேரமாக மாறும்.

பாம்படிலின் வீட்டில் நின்றவருக்கு இதைவிடச் சிறந்த மருந்து இல்லை. அவன் பேசுவது உரைநடையாக அச்சிடப்பட்டிருந்தாலும் அதற்குள் சந்தம் ஓடுகிறது. கண்ணால் படிக்கும்போது பிதற்றலாகத் தெரிவது காதில் விழும்போது பாட்டாகிவிடுகிறது. பாடல்களை இங்லிஸ் பாடியே காட்டுகிறார். முதல் முயற்சியில் என்னை விரட்டிய அதே மூன்று அத்தியாயங்களை இம்முறை கேட்டுத்தான் கடந்தேன்.

மறைமுகச் செலவு பெயர்களில் இருக்கிறது. சௌரானும் சாருமானும் காதுக்கு நெருங்கிய உறவினர்களாக ஒலிக்கிறார்கள். எயோமர், எயோவின், எயோமுண்ட் என்று ரோஹான் நாட்டுக்குப் போனபின் நிலைமை இன்னும் மோசமாகும். பின்னால் புரட்டிப் பார்க்க வழியில்லை, வரைபடமும் கையில் இல்லை. எல்ராண்டின் சபையை ஒலிநூலில் கடக்க முயன்று அரை மணி நேரத்தில் கைவிட்டேன்.

பி.பி.சி. வானொலி 1981-இல் அரை மணி நேரப் பகுதிகள் 26 கொண்ட நாடகமாகவும் இதனை ஒலிபரப்பியது. அருமையான நடிப்பு, அதில் ஃப்ரோடோவாகக் குரல் கொடுத்த இயன் ஹோம்தான் பின்னர் திரைப்படத்தில் ஃப்ரோடோவின் உறவினரான முதிய பில்போவாக வந்தார். ஆனால் அது சுருக்கம். பாம்படில் அதில் இல்லவே இல்லை. அதை ஒலிநூல் என்று எண்ணி வாங்கிவிடக் கூடாது.

## மூன்றாம் வழி: திரைப்படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவது

பீட்டர் ஜாக்சன் இயக்கி 2001, 2002, 2003 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த மூன்று படங்களும் சேர்ந்து 17 ஆஸ்கர் விருதுகளைப் பெற்றவை. மூன்றாவது மட்டுமே 11. திரையரங்கில் வெளிவந்த வடிவில் மூன்றும் ஏறத்தாழ ஒன்பதேகால் மணி நேரம், நீட்டிக்கப்பட்ட வடிவில் 11 மணி நேரத்துக்கும் மேல். நேர அளவுகோலில் இதை வெல்ல வேறு வழி கிடையாது.

சபைக் காட்சியில் திகைத்து நின்றவருக்கு முதல் படம் உண்மையாகவே உதவுகிறது. போரோமிர் யார், கிம்லி யார், இசில்டூர் என்ன செய்தான் என்பவை ஒரே மாலையில் முகங்களோடு மனத்தில் பதிந்துவிடுகின்றன. பிறகு அந்த அத்தியாயத்தைப் படித்தால் பாதிச் சுமைதான்.

செலவோ பெரியது. முதலில் முகங்கள். நாவலில் பில்போவின் விருந்துக்கும் ஃப்ரோடோவின் புறப்பாட்டுக்கும் இடையில் 17 ஆண்டுகள் கழிகின்றன. புறப்படும்போது ஃப்ரோடோவுக்கு வயது 50. வீட்டையும் தோட்டத்தையும் விட்டுச் செல்லும் ஒரு நடுவயதுக்காரனின் தயக்கமாக நான் மனத்தில் வரைந்து வைத்திருந்ததைத் திரையின் இளைஞன் ஒரே நொடியில் இடித்துத் தள்ளிவிடுவான். படம் வந்த காலத்தில் பார்த்தவன் என்பதால் இன்றும் ஒவ்வொரு பக்கத்திலும் அந்த இளைஞனோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது, எடை மாறிவிடுகிறது. நாவலில் ஹெல்ம்ஸ் டீப் கோட்டையில் நடக்கும் போர் ஒரே ஓர் அத்தியாயம். இரண்டாம் படத்திலோ அதுவே உச்சகட்டம். படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வருபவருக்கு அந்த அத்தியாயம் சப்பென்று இருக்கும். தவறு அத்தியாயத்தினுடையது அன்று.

மூன்றாவது செலவு பலருக்குத் தெரிவதில்லை: படங்களின் எல்லையும் தொகுதிகளின் எல்லையும் ஒன்றல்ல. போரோமிரின் மரணம் மூன்றாம் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில், அதாவது இரண்டாம் தொகுதியில் வருகிறது. திரையில் அது முதல் படத்திலேயே முடிந்துவிடுகிறது. மூன்றாம் புத்தகம் வரை வந்தவர் ‘அதுவரைக்கும் பார்த்துவிடலாம்’ என்று இரண்டாம் படத்தைப் போட்டால், நான்காம் புத்தகத்தின் கணிசமான பகுதியையும் சேர்த்தே பார்த்துவிடுவார். போரோமிரின் தம்பியைப் பற்றிய பகுதியில் படமும் நூலும் வெகுதூரம் விலகுவதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். எப்படி என்று வேண்டுமென்றே விசாரிக்காமல் இருக்கிறேன். பழைய நினைவும் நல்லவேளையாக மங்கிவிட்டது. ஆகவே என் முடிவு இது: முதல் படத்தைச் சபையில் நின்றவர் மட்டும் பார்க்கலாம், அதுவும் போரோமிரின் மரணம் முன்கூட்டியே தெரிந்துவிடும் என்பதை ஏற்றுக்கொண்டு. இரண்டாம் படத்தை இரண்டாம் தொகுதியின் கடைசி வரிக்குப் பிறகுதான் தொட வேண்டும்.

## நான்காம் வழி: ‘தி ஹாபிட்’டுக்குப் பின்வாங்குவது

1937 செப்டம்பரில் வெளிவந்த இந்த நாவல் 19 அத்தியாயங்களில் முடிவது. பதிப்பாளர் இதன் கையெழுத்துப் படியைப் பத்து வயது மகன் ரேய்னரிடம் கொடுத்து, ஒரு ஷில்லிங் கூலிக்குக் கருத்துரை வாங்கினார் என்பது பலரும் அறிந்த கதை. மொழி இலகு, அத்தியாயங்கள் துள்ளிக்கொண்டு ஓடும். கோல்லத்தின் குகையும் மோதிரம் கிடைத்த விதமும் இதில்தான் விரிவாக உள்ளன. மோதிரத்தின் தன்மை பெரிய நாவலில் மாறிவிட்டதால், டோல்கீன் 1951 பதிப்பில் அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதினார். கோல்லத்தைக் கொல்லாமல் விட்ட பில்போவின் இரக்கத்தைப் பற்றி கேண்டால்ஃப் சொன்னது நான்காம் புத்தகத்தின் தொடக்கத்தில் ஃப்ரோடோவுக்கு நினைவு வரும்போது, அந்தக் குகையை அறிந்தவருக்கு அது கூடுதலாகத் தைக்கும்.

எனினும் முதல் 10 அத்தியாயங்களுக்குள் நின்றவருக்கு மட்டுமே இதைச் சொல்வேன். பாதியைத் தாண்டியவர் இப்போது இதற்குள் போனால், குழந்தைகளிடம் பேசும் அந்தக் கதைசொல்லியின் குரலுக்குப் பழகிவிட்டு மீண்டும் சதுப்பு நிலத்துக்குத் திரும்புவது கடினம்.

## ஐந்தாம் வழி: எடுத்து வைத்துவிடுவது

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டோல்கீனே மோரியாச் சுரங்கத்தில், பாலினின் கல்லறையருகே எழுத்தை நிறுத்திவிட்டு, ஏறக்குறைய ஓராண்டுக்குப் பிறகுதான் தொடர்ந்தார் என்று இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் எழுதியிருக்கிறார். ஆனால் அவருக்குக் கதை நினைவில் இருந்தது, நமக்கு இருக்காது. இரண்டு மாதத்துக்கு மேல் போனால் பெயர்கள் உதிரத் தொடங்குகின்றன, ஆறு மாதமானால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும் என்பது இருமுறை தொடங்கியவன் என்ற முறையில் என் கணக்கு. வைத்தே தீர வேண்டுமானால், கடைசி அட்டையின் உட்புறத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஐந்து வரி எழுதிவிட்டு வையுங்கள். தேர்வுக்காலம், கைக்குழந்தை, துக்கம் போன்ற வெளிக்காரணங்களால் நின்றவருக்கு இது நல்ல வழி. நாவல் சலித்ததால் நின்றவருக்கு இது பெரும்பாலும் கைவிடுவதன் நாகரிகமான பெயர்.

## நின்ற இடத்தை வைத்துத் தேர்வது

| நின்ற இடம் | நிற்க வைத்தது | முதலில் முயல வேண்டியது | தவிர்க்க வேண்டியது |
|---|---|---|---|
| பாம்படிலின் வீடு | அவசரம் தணிந்துபோவது | அந்த மூன்று அத்தியாயங்களுக்கு மட்டும் ஒலிநூல்; மொழி கடினமானால் ‘தி ஹாபிட்’ | வானொலி நாடகம் |
| எல்ராண்டின் சபை | பெயர்களின் திரள் | வரைபடத்தோடு இரண்டு அமர்வுகளில் படிப்பது. முடியாவிட்டால் முதல் படம் | ஒலிநூல் |
| முதல் தொகுதியின் முடிவு | முடிந்துவிட்டது என்ற மயக்கம் | அன்றே அடுத்த அத்தியாயம் | இடைவெளி விடுவது |
| நான்காம் புத்தகத்தின் வாசல் | துணைகளைப் பிரிவது | தொடர்ந்து படிப்பது | இரண்டாம் படம், காலவரிசைப் பின்னிணைப்பு |

வழிகளைக் கலப்பதில் தவறில்லை. நான் பாம்படிலைக் காதாலும் மற்றதைக் கண்ணாலும் கடந்தவன். நாளைக்கு ஓர் அத்தியாயம் என்றால் எனக்கு இன்னும் 25 நாட்கள். இப்போதைக்கு, கோல்லம் பிடித்துவந்த இரண்டு முயல்களையும் சாம் கிடைத்த மூலிகைகளோடு வேகவைத்துவிட்டான். கோல்லம் சமைத்ததைத் தொட மாட்டேன் என்று முகம் சுளித்துக்கொண்டு போய்விட்டான். உண்டு முடித்த பிறகுதான், அணைக்காமல் விட்ட அடுப்பிலிருந்து மெல்லிய புகை மேலே எழுவதைச் சாம் கவனிக்கிறான். அடையாளச் சீட்டு அந்தப் பக்கத்தில் இருக்கிறது.